வணிக வளாகங்களில் உயர்ந்த கொடிக்கம்பம்: நிறுவும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: தொழிற்சாலை வாயில்களிலும் வணிக வளாகங்களின் முகப்பிலும் 100 அடிக்கும் மேற்பட்ட கம்பங்களில் தேசியக் கொடி பறப்பது இன்று நாடெங்கும் காணக்கூடிய காட்சியாகிவிட்டது. எனினும், கம்பத்தை நிறுவுவதைக் காட்டிலும் அதில் பறக்கும் கொடியை ஆண்டு முழுவதும் கிழியாமலும் நிறம் மங்காமலும் காப்பதே கடினமான பணி. சட்டம், காற்றின் வேகம், மண்ணின் தன்மை, பராமரிப்புச் செலவு ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

உரிமை கிடைத்த வரலாறு

தனியார் நிறுவனங்கள் ஆண்டின் எல்லா நாள்களிலும் தேசியக் கொடியை ஏற்றுவதற்கு முன்பு கட்டுப்பாடுகள் இருந்தன. ராய்கரில் உள்ள தமது தொழிற்சாலையில் கொடியேற்றுவதற்கு அதிகாரிகள் ஆட்சேபம் தெரிவித்ததை எதிர்த்துத் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் நீதிமன்றத்தை நாடினார். இதனிடையே, இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களும் தனியார் நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் உரிய மரியாதையுடன் கொடியேற்ற அது வழிவகுத்தது.

கொடியை மரியாதையுடன் பறக்கவிடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவின் கீழ் வரும் கருத்துச் சுதந்திரத்தின் ஓர் அங்கம் என உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரி 23-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதே வேளையில், இவ்வுரிமை வரம்பற்றது அன்று என்றும், 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம், 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இரவிலும் பறக்கலாமா?

100 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த கம்பங்களில் இரவிலும் கொடி பறக்க மத்திய உள்துறை அமைச்சகம் 2009 டிசம்பரில் இசைவு அளித்தது. கொடிக்குப் போதிய ஒளியமைப்பு வேண்டும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும், கொடி சேதமடைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பன அதற்கான நிபந்தனைகள். வணிக நிறுவனங்கள் 100 அடியைத் தொடக்க அளவாகக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். திறந்தவெளியிலோ பொதுமக்களின் வீடுகளிலோ ஏற்றப்படும் கொடி இரவும் பகலும் பறக்கலாம் என 2022 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. எனவே, இரவில் பறக்கவிட வேண்டும் என்பதற்காக மட்டும் 100 அடிக் கம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் தேவை இப்போது இல்லை.

உயரமும் கொடியின் அளவும்

கொடியின் நீள அகல விகிதம் 3:2 ஆக இருக்க வேண்டும். அதன் நீளம் கம்ப உயரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது கண்ணுக்குப் பொருத்தமாக அமையும். 100 அடிக் கம்பத்துக்கு 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கொடி பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. தில்லி கன்னாட் பிளேஸில் 2014-இல் நிறுவப்பட்ட 207 அடிக் கம்பத்தின் கொடி 90 அடி நீளமும் 60 அடி அகலமும் உடையது.

கைத்தறி, கதர்த் துணிகளுடன் இயந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியஸ்டருக்கும் 2021 டிசம்பர் 30-ஆம் தேதித் திருத்தம் அனுமதி அளித்துள்ளது. எடை குறைந்த, விரைவில் உலரும் பாலியஸ்டர் துணியே பெரிய கொடிகளுக்கு ஏற்றது.

காற்றே முதல் கணக்கு

கம்பத்தின் வடிவமைப்பு ஐஎஸ் 875 தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதியில் உள்ள காற்றழுத்தக் கணக்கின்படி அமைய வேண்டும். அதன்படி அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருவுக்கு வினாடிக்கு 33 மீட்டர். மும்பை, ஹைதராபாதுக்கு 44 மீட்டர். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்துக்கு 50 மீட்டர். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஒரே அளவுக் கம்பத்தின் மீது சென்னையில் விழும் விசை பெங்களூருவில் உள்ளதைப் போல 2 மடங்குக்கும் அதிகம். இந்த வேகங்கள் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியவை. மேலே செல்லச் செல்லக் காற்று மேலும் வலுக்கும். ஒரு நகரில் நிறுவிய கம்பத்தின் வரைபடத்தை மற்றொரு நகருக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பஞ்சாபின் அட்டாரி எல்லையில் 2017 மார்ச்சில் 360 அடிக் கம்பம் திறக்கப்பட்டது. பலத்த காற்றில் அதன் கொடி மீண்டும் மீண்டும் கிழிந்து, பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று.

கம்பமும் அடித்தளமும்

சிறிய கம்பங்களுக்கு அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடியிழை ஆகியவை பயன்படுகின்றன. 30 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றுக்குத் துத்தநாகப் பூச்சுடைய எஃகே வழக்கம். சாலைச் சந்திப்புகளில் உள்ள ஹைமாஸ்ட் விளக்குக் கம்பங்களைப் போல, மேலே செல்லச் செல்லக் குறுகும் பகுதிகளாகக் கொண்டுவந்து, ஒன்றின் மீது ஒன்றாகப் பொருத்தி, கிரேன் மூலம் நிறுத்துவர். எனவே கிரேன் வந்து நிற்பதற்கான இடம் வளாகத்தில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

அடித்தளத்தின் அளவை மண் பரிசோதனைக்குப் பின்னரே முடிவு செய்ய வேண்டும். ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் தேவை. கொடியை ஏற்றி இறக்கும் எஃகு வடமும் மின்மோட்டாரும் கம்பத்தின் உட்புறம் அமைந்தால் காற்றின் ஓசையும் தேய்மானமும் குறையும். பிறர் கைவைக்கவும் இயலாது. மின்சாரம் இல்லாதபோது கையால் சுழற்றிக் கொடியை இறக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். இடிதாங்கியும் முறையான புவி இணைப்பும் இல்லாத உயர் கம்பம் ஆபத்தானது.

அனுமதிகள்

உள்ளாட்சி அமைப்பு அல்லது நகரமைப்புத் துறையின் கட்டட விதிகளுடன், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள வளாகங்கள் இந்திய விமான நிலைய ஆணையத்தின் உயரத் தடையின்மைச் சான்றையும் பெற வேண்டும். உயர்ந்த கம்பங்களின் உச்சியில் விமான எச்சரிக்கை விளக்கு பொருத்தப்பட வேண்டும்.

செய்யக் கூடாதவை

கொடியை எவ்வித விளம்பரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கொடி பறக்கும் கம்பத்திலும் விளம்பரப் பலகை கட்டக் கூடாது. அதே கம்பத்தில் நிறுவனத்தின் கொடியை ஏற்றக் கூடாது. நிறுவனக் கொடிக்குத் தனிக் கம்பம் வேண்டும். அது தேசியக் கொடியைவிட உயரமாக இருத்தல் கூடாது. கிழிந்த, அழுக்கடைந்த கொடியைப் பறக்கவிடுவதும் விதிமீறலே. பயன்படுத்த இயலாத கொடியைத் தனிமையில், முழுமையாக, எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அப்புறப்படுத்த வேண்டும். பொது இடத்தில் கொடியை அவமதிப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க 1971-ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது.

ஒப்பந்தத்துக்கு முன்

கம்பத்தின் விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது. அந்த ஊரின் காற்று வேகத்துக்கும், ஏற்றவுள்ள கொடியின் அளவுக்கும் உரிய வடிவமைப்புக் கணக்கில் கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்டுள்ளாரா, மாற்றுக் கொடிகள் கையிருப்பில் இருக்குமா, வடம், மோட்டார், விளக்குகளை ஆண்டுதோறும் சோதிப்பது யார் பொறுப்பு, புயல் எச்சரிக்கை வந்தால் கொடியை இறக்குவது யார் ஆகியவை எழுத்து வடிவில் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க இயலாத நிறுவனம், 207 அடிக் கம்பத்தைவிட 50 அடிக் கம்பத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. கொடிக்கு உரிய மரியாதையை விதிகள் வற்புறுத்துகின்றனவே தவிர, கம்பத்துக்கு எவ்விதக் குறைந்தபட்ச உயரத்தையும் கட்டாயமாக்கவில்லை.