பஹியா ஷிஹாபின் சுவரெழுத்துகள்

பஹியா ஷிஹாப், லெபனானில் பிறந்து எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் வாழ்ந்துவரும் ஓவியரும் இஸ்லாமியக் கலை வரலாற்றறிஞருமாவார். 2011-ஆம் ஆண்டின் மக்கட் புரட்சிக் காலத்தில், அரபு மொழியில் மறுப்பைக் குறிக்கும் ‘லா’ என்னும் ஒரே சொல்லைக்கொண்டு வீதிச் சுவர்களில் ஆட்சியாளரைக் கண்டித்தெழுதியமையால் இவர் பிரசித்தி பெற்றார்.

அச்சொல் அவருக்குத் தெருவில் கிடைத்ததன்று. 1910-இல் மியூனிக் நகரில் நிகழ்ந்த இஸ்லாமியக் கலைக் காட்சியின் நூற்றாண்டையொட்டி, 2010-இல் அங்கே நடந்த கண்காட்சிக்கு அழைக்கப்பட்ட ஷிஹாப், லாம், அலிஃப் என்னும் ஈரெழுத்தும் பின்னிப் பிணைந்து ‘லா’வாகும் கோலங்களை, ஸ்பெயின் முதல் சீன எல்லைவரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் எழுந்த மசூதிகளிலும் மட்கலங்களிலும் கல்லறைக் கற்களிலும் தேடி, ஆயிரம் வடிவங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தார்.

எகிப்தின் குடியரசுத் தலைவர் முபாரக் பதவி துறந்தபின் அதிகாரத்தைக் கைக்கொண்ட இராணுவ சபை மக்கள்மீதே வன்முறையை ஏவியபோது, அரும்பொருட் காட்சிக்குரியனவாயிருந்த அவ்வடிவங்கள் தெருவுக்கு இறங்கின. எழுத்தை வெட்டியெடுத்த தகட்டைச் சுவரில் வைத்து வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சில் முறையை அவர் கையாண்டார். காவலர் வருமுன் எழுதி முடிக்க ஏற்ற முறை அதுவே. இராணுவ ஆட்சி வேண்டாம், பண்டை எகிப்திய மன்னரைப் போன்ற புதியதொரு ஃபாரோ வேண்டாம் என்பன ‘லா’வைக்கொண்டு அவர் எழுதிய வாசகங்களுட் சில. போராட்டங்களின்போது 2011 ஜனவரி 28-இல் ஒரு கண்ணையும் நவம்பர் 19-இல் மற்றொரு கண்ணையும் இழந்த பல் மருத்துவரை நினைந்து, வீரரைக் குருடாக்காதீர் என்றெழுதினார். டிசம்பரில், சிப்பாய்கள் ஒரு பெண்ணைத் தரையில் இழுத்து ஆடை களைந்து மிதித்த காட்சி உலகெங்கும் பரவியபோது, அவளணிந்திருந்த நீல உள்ளாடையையே சின்னமாக்கிச் சுவரேற்றினார். அவமானமாகக் கருதப்பட்டதொன்றைக் குற்றச்சாட்டாகத் திருப்பிய இச்செயலே அவருடைய படைப்புகளுள் தலையாயது எனலாம்.

அந்நிய நாட்டு நாகரிகத்தின் இறக்குமதி என்று வீதி ஓவியத்தைத் தள்ளிவிடுவோர் எங்குமுண்டு. பள்ளிவாசற் சுவரிலிருந்தே எடுத்த எழுத்தை அவ்வாறு தள்ளுதல் எளிதன்று. எனினும் சுவரெழுத்து ஆட்சியை மாற்றிற்று என்பது மிகையாகும். 2012 செப்டம்பரில், கெய்ரோவில் புரட்சியின் களமாயிருந்த தஹ்ரீர் சதுக்கத்தை அடுத்த முகமது மஹ்மூத் தெருவின் சித்திரங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. 2014-இல் முன்னாள் படைத்தலைவரே குடியரசுத் தலைவரானார். ஷிஹாபோ பிற நாட்டு நகரங்களுக்குச் சென்று, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் வரிகளைச் சுவர்களில் எழுதலானார். அரபுப் பண்பாட்டுக்கான யுனெஸ்கோ-ஷார்ஜா பரிசை 2016-இல் பெற்ற இவரே அதனைப் பெற்ற முதல் அரபுப் பெண்.