தோளும் சக்கரமும்

கைக்குழந்தையோடு வெளியே போக மனிதர் கண்ட வழி இரண்டு. ஒன்று, உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. மற்றது, சக்கரம் பூட்டிய தொட்டியில் கிடத்தித் தள்ளுவது. முதல் வழியின் வயதை யாராலும் கணக்கிட முடியாது. இரண்டாவதற்கு இன்னும் 300 வயதுகூட நிரம்பவில்லை.

துணியில் சுமக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். கொரியாவில் பொடேகி என்னும் அகலத் துணி குழந்தையைத் தாயின் முதுகோடு சுற்றிப் பிணைக்கிறது. மெக்சிகோவில் அந்த வேலையை ரெபோசோ என்னும் நீளச் சால்வை செய்கிறது. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் பெண்களின் அமௌட்டி என்ற மேலங்கியில் முதுகுப் பக்கம் ஒரு பையே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். பிள்ளை தாயின் உடற்சூட்டிலேயே உறங்கும். வேல்ஸ் நாட்டுப் பெண்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் கம்பளிச் சால்வையை உடம்போடு சுற்றிப் பிள்ளையைச் சுமந்தார்கள். தமிழ்நாட்டில் நடக்கும்போது பிள்ளைக்கு இடம் தாயின் இடுப்பு. வயலில் இறங்கும்போது வரப்போரத்து மரக்கிளையில் கட்டிய சேலைத் தூளி. இந்த முறைகளில் நடந்து சுமப்பவை எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய வசதி உண்டு: சுமப்பவரின் கால் போகும் இடமெல்லாம் குழந்தையும் போகும். சக்கரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தரையை நம்பியே செய்யப்பட்டது. வண்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றைக்கும் அதன் நிறத்தையும் மெத்தையையும் பார்க்குமுன் அந்தத் தரை எது என்று பார்ப்பதே முறை.

முதல் வண்டி நம்பிய தரை, இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் தோட்டப் புல்வெளி. 1733-ஆம் ஆண்டளவில் டெவன்ஷையரின் மூன்றாம் டியூக்குக்காக, கட்டடக் கலைஞரும் தோட்ட வடிவமைப்பாளருமான வில்லியம் கென்ட் அதைச் செய்தார். சிப்பி வடிவத் தொட்டி, அடியில் ஸ்பிரிங், குடும்பச் சின்னமான பாம்பு உருவில் வேலைப்பாடு. ஆடோ குட்டைக் குதிரையோ இழுக்கும்படி சேணம் பூட்டும் வசதியும் இருந்தது. பெரியவர்களின் குதிரை வண்டியைச் சுருக்கிச் செய்த விளையாட்டுப் பொருள் என்றே அதைச் சொல்ல வேண்டும். பிள்ளையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகும் தேவைக்காக அது பிறக்கவில்லை.

அடுத்த நூறு ஆண்டுகள் இழுவண்டிகளின் காலம். அமெரிக்காவில் 1830-களிலேயே பெஞ்சமின் பாட்டர் கிராண்டல் நியூயார்க்கில் குழந்தை வண்டிகளை விற்றார். அவருடைய மகன் ஜெஸ்ஸி பிரேக், மடக்கும் அமைப்பு என்று பல திருத்தங்களைச் செய்தார். ஆனால் இழுவண்டியில் தீராத ஒரு குறை இருந்தது. இழுப்பவர் முன்னே போக, குழந்தை அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும். அது சரிந்தாலும், கீழே விழுந்தாலும், கையில் கிடைத்ததை வாயில் போட்டாலும் இழுப்பவருக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவராகச் சொல்லப்படுபவர் சார்லஸ் பர்ட்டன். கைப்பிடியைப் பின்பக்கம் வைத்து, வண்டியை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளும்படி செய்தார். நியூயார்க்கில் வழிநடப்போர் காலில் வண்டி மோதுகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் இங்கிலாந்துக்குப் போய் 1853-இல் அங்கே காப்புரிமை பெற்றார். சுற்றி நடத்தல் என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'பெராம்புலேட்டர்' என்ற பெயர் நாளடைவில் 'பிராம்' என்று சுருங்கியது. விக்டோரியா அரசியின் அரண்மனைக்கும் வண்டிகள் போனதால் வசதியுள்ள வீடுகள் எல்லாம் அதை விரும்பின. ஆனால் 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்திருந்தது. பிராம் என்பது வண்டியா, இல்லையா என்ற கேள்வி அங்கே எழுந்தது.

தள்ளுவண்டி வந்ததும் குழந்தை கண்முன்னே வந்துவிட்டது. ஆனால் அதன் முகம் தெருவைப் பார்த்தது. பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் வில்லியம் எச். ரிச்சர்ட்சன் 1889 ஜூன் 18 அன்று பெற்ற காப்புரிமை இதற்கு விடை தந்தது. தொட்டியைத் திருப்பி வைத்தால் குழந்தை தள்ளுபவரைப் பார்க்கும், திரும்பத் திருப்பினால் தெருவைப் பார்க்கும். இது வெறும் வசதி அல்ல என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சுசான் சீடிக் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரைப் பார்த்து உட்கார்ந்த குழந்தைகளோடு பெற்றோர் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று காட்டியது. இன்று கடையில் 'இருபக்க இருக்கை' என்று விற்கப்படுவது ரிச்சர்ட்சனின் எண்ணம்தான். அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பிராம் உச்சத்தில் இருந்த காலம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியும். 1877-இல் வில்லியம் வில்சன் லீட்ஸ் நகரில் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் குதிரை வண்டிக்கு ஈடான ஸ்பிரிங்கும் பெரிய கம்பிச் சக்கரமும் கொண்ட வண்டிகளைச் செய்தது. 1892-இல் எமிலி வார்டு நிறுவிய நார்லேண்ட் பள்ளி, செவிலித்தாய்மாரைப் பயிற்றுவித்து அனுப்பியது. குழந்தைக்குத் தூய காற்று மருந்து என்று மருத்துவர்கள் வலியுறுத்திய காலம் அது. லண்டன் கென்சிங்டன் தோட்டத்தின் சமதளப் பாதைகளில் பிராம்கள் வரிசையாக ஊர்ந்தன. அந்தப் பாதைக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் அதைப் படியில் தூக்க இருவர் வேண்டும். பேருந்தில் ஏற்ற முடியாது, சிறு வீட்டில் நிறுத்த இடம் கிடையாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு குடும்பங்கள் காரிலும் ரயிலிலும் விமானத்திலும் பயணம் போகத் தொடங்கியபோது பிராமின் காலம் முடிந்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் வேலை செய்திருந்த பொறியாளர் ஓவன் மெக்லாரன், பேரக்குழந்தையோடு விமானத்தில் வந்த மகள் கனத்த வண்டியோடு திண்டாடுவதைக் கண்டார். விமானத்தின் சக்கரத்தை இறக்கைக்குள் மடக்கத் தெரிந்த மனிதருக்கு இது எட்டாத கணக்கல்ல. 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-இல் நார்தாம்ப்டன்ஷையரின் பார்பி என்ற சிற்றூரில் உற்பத்தி தொடங்கியது.

அவருடைய பி-01 வண்டி மடங்கும் விதத்தைக் கூர்ந்து பார்க்கத் தகும். முந்தைய வண்டிகள் ஈஸிசேர் போலத் தட்டையாக மடங்கும்; நீளம் குறைந்தாலும் அகலம் அப்படியே நிற்கும். மெக்லாரன் அலுமினியக் குழாய்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே பூட்டி, சந்திப்பில் கீல் வைத்தார். பூட்டைத் தட்டியதும் நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் நடுவை நோக்கி நெருங்கும். துணி இருக்கை உள்ளே சுருளும். கையில் மிஞ்சுவது ஒரு குடைக்கட்டு. எடை 3 கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வண்டி என்று தாய் படியேற முடிந்தது. வண்டியைத் தாயின் தனிக்கைக்கு ஏற்றதாக ஆக்கியதே இதன் பெருமை. கீலுக்கு ஒரு ஆபத்தும் உண்டு: விரிக்கும்போது சிறுவிரல் இடையில் சிக்கும். 2009-இல் அமெரிக்காவில் இத்தகைய சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல்மூடி கொடுக்க வேண்டியதாயிற்று.

குடை வண்டியின் சிறு சக்கரம் விமான நிலையத் தளத்துக்குப் பொருந்தும். சரளைப் பாதையில் திணறும். சக்கரத்தின் ஆரத்தைக் கல்லின் உயரம் நெருங்கிவிட்டால், எவ்வளவு தள்ளினாலும் விசை கல்லிலேயே மோதி நின்றுவிடும். அமெரிக்காவின் யாக்கிமா நகரப் பத்திரிகையாளர் ஃபில் பேக்லர் 1980-களின் தொடக்கத்தில் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி, பிள்ளையோடு ஓடப் போனார். 1984-இல் அது விற்பனைக்கு வந்தது. காற்றடித்த மூன்று பெரிய சக்கரங்கள். முன்சக்கரம் திரும்பாமல் நிலையாக நிற்கும், ஏனென்றால் பக்கவாட்டில் திரும்பக்கூடிய சக்கரம் வேகத்தில் ஆட்டம் காணும். காட்டுப் பாதைக்கும் ஏரிக்கரைக்கும் பிள்ளையை வண்டியில் கொண்டுபோக முடிந்தது இதன் பிறகுதான். உலர்ந்த மணலில் மட்டும் இதுவும் தோற்கும். தள்ளும்போது முன்சக்கரம் புதையும் என்பதால் அங்கே பின்புறமாக இழுப்பதே எளிது.

சக்கரம் ஏற முடியாத இடத்துக்கு மேற்குலகம் மறுபடி துணியைத் தேடிப் போனது. 1960-களில் அமெரிக்காவின் 'பீஸ் கோர்' என்னும் அமைதிப் படைத் தொண்டராக டோகோ நாட்டில் பணியாற்றிய செவிலி ஆன் மூர், தாய்மார் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதையும், அந்தப் பிள்ளைகள் அமைதியாக இருப்பதையும் கண்டார். ஊர் திரும்பித் தன் மகளை அப்படிக் கட்டிப் பார்த்தபோது துணி நழுவியது. அவர் தாய் லூசி ஆகர்மன் தோள்பட்டை வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். 1969-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பை 'ஸ்னக்லி'. டோகோ தாய்மார் கைப்பழக்கத்தால் போட்ட முடிச்சின் வேலையை அதில் தையலும் பட்டையும் செய்தன. மலையேறுவோருக்காக அலுமினியச் சட்டம் வைத்த முதுகு இருக்கைகளும் அக்காலத்தில் பரவின. கொலராடோவில் மலைப் பயணப் பைகள் செய்துவந்த ஜெர்ரி கன்னிங்ஹாமின் பெயர் இதில் தெரிந்த பெயர்.

துணிக்கும் சட்டத்துக்கும் தம் எல்லைகள் உண்டு. கால்களை நேராக நீட்டிப் பலகையில் இறுகக் கட்டிச் சுமந்த அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களிடையே இடுப்பு மூட்டு விலகல் கூடுதலாகக் காணப்பட்டது. தொடை விரிய, முழங்கால் உயர உட்கார்த்திச் சுமப்பதே மூட்டுக்கு நல்லது. இடுப்பில் தூக்கும் பழக்கம் அந்த நிலையைத் தானே தருகிறது. 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தொங்குபைகளைப் பற்றி எச்சரித்தது. 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்திருந்தன. மோவாய் மார்பில் அழுந்தி மூச்சு முட்டுவதே பெரிய ஆபத்து. நான்கு மாதம் நிரம்பாதவர்களுக்கு முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். சட்ட இருக்கை, பிள்ளை தானாக உட்காரும் வயதுக்குப் பிறகே. மலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது: சுமப்பவர் ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டும்போது, முதுகில் அசையாமல் இருக்கும் பிள்ளையின் தொங்கும் பாதங்கள் சில்லிட்டுப் போகும். ஆகவே அரை மணிக்கொருமுறை இறக்கி, காலுறைக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்து, சிறிது நேரம் தவழவோ நடக்கவோ விடுவது வழக்கம்.