31 ஆண்டுகள் கழித்து வந்த சாட்சி

புதன்கிழமை இரவு எட்டேகாலுக்கு உங்கள் வீட்டிலும் 'ஆக்டன்சைஷன் இக்ஸ் இப்சிலோன்' ஓடுமா? எங்கள் வீட்டில் ஓடும். ஒரு பழைய கொலை, ஒரு முடி, ஓர் ஆய்வுகூடம், ஆளைப் பிடித்தாயிற்று. அம்மாவுக்கு அந்த முடிவு பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் இன்று நான் சொல்லப்போகும் வழக்கில், டிஎன்ஏ பொருந்திய பிறகுதான் பிரச்சினையே தொடங்கியது.

1981 நவம்பர் 4. ஜேர்மனியின் கீழ்சாக்சனி மாநிலத்தில் செல்லே என்ற நகரம். இசைப் பயிற்சி முடிந்து 17 வயது ஃப்ரெடெரிக்கே, ஹாம்பியூரனில் இருந்த தன் வீட்டுக்குப் புறப்பட்டாள். வழியில் வரும் காரை மறித்து ஏறிப்போவது அந்தக் காலத்து இளையவர்களுக்குச் சாதாரணம். அவள் வீடு வந்து சேரவில்லை. நான்கு நாட்களின் பின் காட்டில் உடல் கிடைத்தது. அவள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தாள்.

ஒருவர் கைதானார். 1982இல் லூனெபுர்க் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்நீதிமன்றம் அதை ரத்துச் செய்து, வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1983இல் ஸ்டாடே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கார் டயர்த் தடமும் துணி நார்களும் போதுமான சான்றாக இருக்கவில்லை.

டிஎன்ஏயைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தது 1984இல். எங்கள் டிஎன்ஏயில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல இடங்களில் அதை எண்ணினால், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்து அறியலாம். ஒரே உருவ இரட்டையர்கள் மட்டும் விதிவிலக்கு. பிறகு, மிகச் சிறிய பழைய தடயத்திலிருந்தும் டிஎன்ஏயைப் பெருக்கி எடுக்கும் முறை வந்தது. 1998இல் ஜேர்மன் மத்திய குற்றவியல் பொலிஸ் டிஎன்ஏ தரவுத்தளத்தைத் தொடங்கியது.

ஃப்ரெடெரிக்கேயின் தந்தை விடவில்லை. பாதுகாத்து வைத்திருந்த தடயத்தை மீண்டும் ஆராயச் செய்தார். 2012இல் முடிவு வந்தது. தடயம், விடுதலையான அதே மனிதருடையது என்றார்கள்.

சரி, மறுபடி வழக்குப் போடலாம்தானே? கொலைக்குக் காலாவதி இல்லையே?

காலாவதி இல்லைதான். நாஜிக் கொலைகாரர்கள் 1979 முடிவோடு தப்பிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது, அந்த ஆண்டு ஜூலையில் ஜேர்மன் நாடாளுமன்றம் கொலைக்கான கால வரம்பையே நீக்கியது.

ஆனால் அதே நாஜிக் காலம் இன்னொரு பாடத்தையும் விட்டுப்போயிருந்தது. 1939இல் நாஜி அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முடிந்துபோன தீர்ப்பு பிடிக்காவிட்டால், ஓராண்டுக்குள் அரச தரப்பு அதை எதிர்த்து மறுபடி விசாரிக்க வைக்கலாம். அதனால்தான் 1949இன் அடிப்படைச் சட்டத்தில் 103ஆம் பிரிவு சொல்கிறது: ஒரே செயலுக்காக ஒருவரை இருமுறை தண்டிக்க முடியாது. விடுதலையானவரை மறுபடி விசாரிக்கவும் முடியாது. அவரே குற்றத்தை நம்பத்தக்க முறையில் ஒப்புக்கொள்வது, பொய்ச்சாட்சி போன்ற மிகச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. புதிய சான்று அவற்றில் இல்லை.

தந்தை மனு எழுதினார். பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2021 டிசம்பரில் சட்டம் மாறியது. கொலை வழக்கில் புதிய சான்று வந்தால் மறுவிசாரணை செய்யலாம். 2022இல் அந்த மனிதர் கைதானார். அதே ஆண்டில் தந்தை இறந்துபோனார். 2023 அக்டோபர் 31 அன்று, கார்ல்ஸ்ரூஹேயிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் புதிய விதி செல்லாது என்றது. வழக்கு முடிந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி.

எனக்கும் கோபம் வந்தது. பிறகு ஹைல்புரொன் நகரம் நினைவுக்கு வந்தது. 2007இல் அங்கே ஒரு பெண் பொலிஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே எடுத்த டிஎன்ஏ, சுமார் 40 வேறு சம்பவ இடங்களிலும் கிடைத்திருந்தது. 'முகமில்லாத பெண்' என்று ஊரெல்லாம் தேடினார்கள். 2009இல் பார்த்தால், அது தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சியைப் பொதி செய்த தொழிலாளியின் டிஎன்ஏ! உண்மையில் கொன்றது என்எஸ்யூ என்ற நாஜிக் கும்பல். அது 2011இல்தான் வெளியே வந்தது. டிஎன்ஏ பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் அது எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதை மனிதர்கள்தான் ஊகிக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜேர்மனி கொலைக்கான கால வரம்பை நீக்கிய அதே 1979 ஜூலையில்தான் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்றது அது. அரசின் கைக்கு எல்லை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் பெற்றோருக்குப் புத்தகத்தில் படித்த விடயம் அல்ல.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார்.

நீதிமன்றம் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.