நெப்டியூன்னு ஒரு நாய்

வீட்டு நாய் ராப்பகலா சொறிஞ்சுகிட்டே இருந்தா, நம்ம அலர்ஜி மாத்திரையில பாதியை உடைச்சுக் கொடுத்தா என்னன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. அந்த மாத்திரையோட பூர்வீகத்தைத் தேடிப்போனா, கதை ஆரம்பிக்கறதே நாய்கிட்டதாங்க.

பிரான்ஸ்ல சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியேன்னு ரெண்டு பேர். கடல் சாமந்தியோட விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊசி போட்டா நாய்க்கு அது பழகிடும்னு நம்பினாங்க. 1902-ல் நெப்டியூன் என்கிற திடகாத்திரமான நாய்க்கு, முதல் ஊசி போட்டு மூணு வாரத்துக்கு மேல ஆனப்புறம் இன்னொண்ணு. 25 நிமிஷத்துல செத்துப்போச்சு. பழகும்னு நெனச்ச உடம்பு பகைச்சுக்கிச்சு! இதுக்கு 'அனாஃபிலாக்சிஸ்'னு பேர் வெச்சாங்க. 1913-ல் ரிஷேவுக்கு நோபல் கிடைச்சது.

அலர்ஜியில உடம்பு வெளியிடற ஹிஸ்டமினைத் தடுக்கற முதல் மருந்தை 1937-ல் டேனியல் போவேயும் ஆன்-மாரி ஸ்டாபும் கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு அதுல. 1946-ல் பெனட்ரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துச்சு. அப்புறம் இந்த வகை மருந்துகள் நாய்க்கும் போச்சு.

ஆனா நாயோட தோல் அரிப்புக்கு ஹிஸ்டமின் மட்டும் காரணமில்ல. இன்டர்லூக்கின்-31னு இன்னொரு ஆசாமிக்கும் பெரிய பங்கு. அதனால பல நாய்களுக்கு நம்ம மாத்திரை சரியா கேக்கறதில்ல. அதோட, சூடோஎஃபெட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரையும் சைலிட்டால் சேர்த்த சிரப்பும் நாயைக் கொன்னே போட்டுடும்.

உடைச்ச மாத்திரையைக் குப்பையில போட்டுட்டு, நம்ம பயலை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நெப்டியூனுக்காக அவ்வளவாவது செய்ய வேணாமா, சொல்லுங்க?