ஸ்ரார்ட்டர் மோட்டார்: மாற்றுமுன் திறந்து பார்ப்போம்

திறப்பைத் திருகியதும் ஒரு ‘டக்’ சத்தம், இயந்திரம் சுற்றவில்லை. டென்சோ ஸ்ரார்ட்டர் பூட்டிய பழைய ரொயோட்டா சுப்ரா, செலிக்கா போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் இது வழக்கமான கோளாறு. முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வார்கள். ஆனால் பல வேளைகளில் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் செப்புத் துண்டுகள் மட்டுமே.

முதலில் பற்றரியைப் பார்ப்போம். முழுதாக ஏறிய பற்றரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ற் காட்டும். விளக்கு மங்கி, ‘டக் டக்’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பற்றரியிலோ அதன் முனைகளிலோதான் பழுது. விளக்கு பிரகாசமாக இருந்தும் ஒரே ‘டக்’ என்றால் ஸ்ரார்ட்டரைச் சந்தேகிக்கலாம்.

கழற்றுமுன் பற்றரியின் மைனஸ் முனையைக் கட்டாயம் பிரித்துவிட வேண்டும். ஸ்ரார்ட்டருக்கு வரும் தடித்த வயரில் கார் நிற்கும்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் அதிலும் காரின் உடலிலும் ஒன்றாகப் பட்டால் தீப்பொறி பறக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவும் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

சொலினொய்ட் மூடியின் மூன்று சிறு போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு செப்புத் தொடுமுனைகளும் அவற்றை இணைக்கும் தண்டும் தெரியும். பற்றரிப் பக்கத்துத் துண்டே பெரும்பாலும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றி, ஒரே மட்டத்தில் இறுக்குவோம். கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் பார்ப்போம். ஆர்மேச்சர் கருகியிருந்தாலோ பற்சக்கரம் உடைந்திருந்தாலோ வேறு மோட்டார்தான் வழி.

திரும்பப் பூட்டுமுன் மோட்டார் பொருந்தும் இடத்தைச் சுத்தமாகத் துடைப்போம். எர்த் அதன் உடல் வழியாகவே செல்கிறது.