காலைப் பூட்டிய கதை

மருங்காபுரி பக்கம், மதுரை ரோட்டில் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. திருச்சியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த நண்பர், கடை வாசலில் பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது. நண்பர் இறங்கவில்லை. வெட்டிய வாழைமரம் மாதிரி மெதுவாக இடதுபக்கம் சாய்ந்து, மண்ணைத் தொட்டார்.

பின்னால் காரில் வந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் தரையில் கிடக்கிறார். இரண்டு காலும் இன்னும் பெடலிலேயே இருக்கிறது!

கடைக்கார அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

'ஏன் தம்பி, காலை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீங்க?'

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

சைக்கிள் பந்தயம் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு தலைவலி உண்டு. வேகமாக மிதிக்கும்போது கால் வழுக்கும். வழுக்கினால் விழவேண்டியதுதான். எனவே பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூடு வைத்தார்கள். டோ கிளிப் என்று பெயர். கால்விரலை அதற்குள் நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்ளவேண்டும். கால் வழுக்காது. ஆனால் இறங்கவேண்டுமென்றால் ஓடும் சைக்கிளில் குனிந்து, கையால் வாரைத் தளர்த்தவேண்டும். மறந்தால்? நம் நண்பர் கதைதான்.

கூடும் வேண்டாம், வாரும் வேண்டாம், பாதத்தைத் திருப்பினாலே கழன்றுகொள்கிற மாதிரி ஒரு பெடல் செய்தால் என்ன? 1895-லேயே அமெரிக்காவில் சார்லஸ் ஹான்சன் என்பவர் இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி கம்பெனி ஒரு பெடல் கொண்டுவந்தது. கால் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். விடுவிக்க? மறுபடியும் குனிந்து, கையால் ஒரு நெம்புகோலைத் தள்ளவேண்டும். ஓட்டியவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர், மரணப் பெடல்.

கவனியுங்கள். பூட்டுவது யாருக்கும் பெரிய கஷ்டமாக இல்லை. அத்தனை பேரும் தடுக்கி விழுந்த இடம், விடுவிப்பது.

விடை பனிமலையிலிருந்து வந்தது. பிரான்சின் லுக் கம்பெனி, பனிச்சறுக்கு விளையாடுபவர்களின் பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் கொக்கி செய்துகொண்டிருந்தது. சறுக்குபவர் விழுந்தால் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கால் எலும்பு முறியும். ஆக, விடுவிப்பதுதான் அவர்களுடைய தொழிலே. அதே ஸ்பிரிங் வித்தையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து, 1984-ல் பெடலாக விற்றார்கள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால், டக். கால் வெளியே.

லுக் கம்பெனியின் அன்றைய முதலாளி பெர்னார் தபி. அவரிடம் ஒரு சைக்கிள் அணியும் இருந்தது. அதன் நட்சத்திர வீரர் இன்னொரு பெர்னார்: பெர்னார் இனோ. 1985-ல் அந்தப் பெடலோடு டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் இனோ ஜெயித்தார். அவருக்கு அது ஐந்தாவது வெற்றி. நான் காமர்ஸ் படித்தவன். இதைவிடச் சிறந்த விளம்பரம் எனக்குத் தெரிந்து கிடையாது. சில வருடங்களில் தோல் வார் காணாமல்போனது. டோ கிளிப் இல்லாத பெடல் என்பதால் பெயர் கிளிப்லெஸ். காலைப் பிடித்துவைக்கிற சமாசாரத்துக்கு இப்படி ஒரு பெயர்!

1990-ல் ஜப்பானின் ஷிமானோ இன்னொரு வேலை செய்தது. ஷூவின் அடியில் இருக்கும் கொக்கித் தகட்டைச் சிறியதாக்கி, அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் பதித்தது. இறங்கி நடக்கலாம், மண்ணில் சைக்கிளைத் தள்ளலாம். குழப்பமும் இங்கேதான் ஆரம்பம். இந்தத் தகட்டுக்கு இரண்டு போல்ட். பந்தயப் பெடலின் தகட்டுக்கு மூன்று.

நம் நண்பர் ஆன்லைனில் புதுப் பெடல் வாங்கினார். வீட்டிலிருந்த ஷூவில் இரண்டு துளை. வந்த தகட்டில் மூன்று. செருப்புக்காகக் காலை வெட்டமுடியுமா? புது ஷூவும் வாங்கினார். பட்ஜெட் பணால்.

இன்னொன்றும் உண்டு. தகடு கொஞ்சமும் அசையாவிட்டால் முழங்கால் வலிக்கலாம். அதனால் பாதம் சில டிகிரி திரும்ப இடம் விட்டுச் செய்கிறார்கள். எவ்வளவு இடம் என்பதற்கு நிறம்தான் அடையாளம். லுக் கியோ வகையில் சிவப்புத் தகடு என்றால் அதிக அசைவு, ஒன்பது டிகிரி. ஷிமானோவின் பந்தய வகையில் அதே சிவப்பு என்றால் பூஜ்யம்! துளை மூன்றுதானே என்று ஒன்றின் தகட்டை மற்றதில் மாட்டவும் முடியாது. ஆகவே முதலில் பெடல், அதோடு வரும் தகடு, பிறகு அந்தத் துளைகள் உள்ள ஷூ. இந்த வரிசையில் போனால் காசு மிச்சம்.

எல்லாவற்றையும் அக்காவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். சிரித்தார்.

அவருடைய பிறந்த ஊர் விராலிமலைப் பக்கம். திருச்சியிலிருந்து வரும் வழிதான், ஆனால் புதுக்கோட்டை மாவட்டம். எனக்குப் பொறி தட்டியது.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார். லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதைத்தான் விரும்பினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, இந்தியாவுக்கே தெரிந்த கதை. பஸ்ஸுக்கும், கூட்டிப்போக ஓர் ஆண்பிள்ளைக்கும் காத்திருந்தவர்கள், தங்கள் நேரத்துக்குக் கிளம்பினார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது வெறும் ரப்பர்க்கட்டைப் பெடல். ரப்பர் செருப்பு போதும். வெறுங்கால் என்றாலும் சரி.

'நீங்களும் அப்பத்தான் கத்துக்கிட்டீங்களாக்கா?'

'ஆமா தம்பி. ஊரே கேலி பேசுச்சு. தெனம் விழுவோம். விழுந்தா, நாமளே கால ஊனி எந்திரிச்சுக்குவோம். அதான் கால் நம்மகிட்ட இருந்துச்சுல்ல?'

நண்பர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பெடலின் ஸ்பிரிங் ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தமுடியுமோ அவ்வளவு தளர்த்தினார். டீக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பூட்டுவதும் கழற்றுவதுமாக இருபது தடவை. டக், டக், டக்.

வாங்கிய அன்றே வீட்டில் செய்திருக்கவேண்டிய வேலை.