மஸ்கெலியாவில் காடழிப்பும் அதன் விளைவுகளும்

மஸ்கெலியா, இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் சிவனொளிபாதமலைக்கு (2,243 மீட்டர்) கிழக்கே அமைந்த தேயிலைப் பள்ளத்தாக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது அடர்ந்த மலைக்காடு. உரிமை காட்ட முடியாத காட்டு நிலங்களை அரசுடைமையாக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், அவற்றைப் பிரித்தானியத் தோட்டத் துரைமாருக்கு விற்க வழி திறந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மரங்களை வெட்டிச் சாய்த்து, எரித்து, கோப்பி நட்டார்கள். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. வெறுமையான மலைகளில் தேயிலை ஏறியது; காடு திரும்பவில்லை.

5,000 அடிக்கு (சுமார் 1,525 மீட்டர்) மேலுள்ள காட்டை வெட்டக் கூடாது என்று கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இல் வலியுறுத்தினார். உச்சிக்காடு பெரிதும் தப்பியது அந்த எல்லைக்கோட்டால்தான். மஸ்கெலியா நகரமும் பெரும்பாலான தோட்டங்களும் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. தப்பிய காடு 1940இல் சரணாலயமாகி, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இழப்பு முதலில் தெரிவது தண்ணீரில்தான். மேகக்காட்டில் மூடுபனி பாசியிலும் கிளைகளிலும் படிந்து நீராகச் சொட்டும். மழையில்லாத காலையிலும் மரத்தடியில் நிற்பவருக்குத் தோள் நனையும். சருகும் வேரும் அந்த நீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஊற்றாகக் கசியவிடுகின்றன. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பீலிக்கு வரும் தண்ணீர் மேலே மிஞ்சியிருக்கும் காட்டின் கொடை. தேயிலைச் சரிவில் மழைநீர் தங்குவதில்லை. மண்ணைக் காக்கக் கான் (வடிகால்) வெட்டுகிறார்கள். ஆனாலும் கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் குட்டையாகக் கத்தரித்த) மலையில் அடைமழை பெய்தால் கானில் ஓடுவது செம்மண் குழம்பு. அந்த மண் மஸ்கெலியா ஓயா வழியாக மவுசாகலை நீர்த்தேக்கத்தில் படிகிறது. இதே ஓயா கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிறது. கொழும்பு குடிப்பதும் அந்த நீரைத்தான்.

ஆழ வேர்களை இழந்த சரிவுகளில் மண்சரிவு அபாயம் அதிகம். 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மனிதரோடு புதைந்தன. அபாயச் சரிவுகளிலேயே லயங்கள் இன்றும் நிற்பது பெரும் அநீதி. காடழிப்பின் விளைவு இம்மலைகளோடு நிற்பதில்லை: உலக அளவில், கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காடழிப்பு உள்ளிட்ட நிலப் பயன்பாட்டு மாற்றங்களால் வருகிறது.

உயிரினங்களுக்கு எஞ்சியவை துண்டுக் காடுகள். 1853இல் விவரிக்கப்பட்டு, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு புதர்த்தவளை சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு இருப்பதை ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தனர். நுவரெலியாவில் கிடைத்ததாகப் பதிவான அந்த இனத்துக்கு இக்காடு புகலிடமாக நின்றிருக்கிறது. சிறுத்தைகளோ காட்டுத் துண்டுகளுக்கிடையே தேயிலை வழியாகவே நடக்க வேண்டியிருக்கிறது. 2020 மே 26இல் மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் கழுத்து இறுகிக் கிடந்தது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும், மே 29இல் அது இறந்தது.